ஏனுங்க ஆதாமு

துடியலூர் சர்ச்சில் இன்று சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கான பயிற்சி. ஒருவர் பாடம் எடுக்க, மற்ற டீச்சர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும்.

எனக்கு வந்தது, தின்னக் கூடாத பழத்தைத் தின்றுவிட்டுக் கடவுளுக்குப் பயந்து ஆதாம் ஒளிந்துகொண்ட கதை. எங்கள் வெள்ளகோவிலுக்கு வெளியே நான் மைக்கைத் தொட்டதே இல்லை. கடவுளாகக் குரலை உயர்த்திக் கூப்பிட்டேன்:

"ஏனுங்க ஆதாமு, எங்கீங்க இருக்கறீங்க?"

ஆதாமாகப் பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மேட்டுப்பாளையம் டீச்சர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"இங்கதானுங்க! இதோ வாரேனுங்க!"

ஹால் முழுவதும் சிரிப்பு. போச்சு, அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

பயிற்சி கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீரா, தெரியவில்லை.

"இருபது வருஷமா அந்த இடத்துல நான் அதட்டிட்டு இருந்தேன்மா. ஒளிஞ்ச பிள்ளை எதுவும் இப்படி எந்திரிச்சு வந்ததில்ல. இனிமே நானும் 'ஏனுங்க'தான்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஆயுசுக்கும் நன்றி.

ஆனால் நாளைக்கு எனக்கு ராட்சசன் கோலியாத்தைக் கொடுத்துவிட்டார். அவன் சின்னப் பையன் தாவீதைப் பார்த்துச் சண்டைக்கு 'வாடா' என்று கத்த வேண்டுமாம். அதை எப்படிங்க சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்க!