மேசைக்காலில் கட்டிய டியூப்

நாலாம் வகுப்பு முடியும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தைவிட வகுப்பு வாசலில் முட்டி போட்ட நேரமே அதிகம். பாடத்தைக் கேட்கக்கூடாது என்றில்லை. வெளியே பருத்தி லாரி ஒன்று திரும்பினால் என் மனசும் அதோடு திரும்பிப் போய்விடும். கால்கள் இரண்டும் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். இந்தப் பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மாவும் அத்தையும் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதோடு நிறுத்தி என்னையும் காலையில் வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்பது பேச்சு.

ஐந்தாம் வகுப்புக்கு விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற ஒரு டீச்சர் வாய்த்தார். முதல் வாரம் முழுக்க என்னைத் திட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு மாற்றினார். பத்துக் கணக்கை ஒரே தாளில் தராமல் இரண்டிரண்டாக எழுதிக் கொடுத்தார். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, புத்தகத்தின் மேல் அதை நகர்த்தி நகர்த்திப் படிக்கச் சொன்னார். ஒருநாள் கிழிந்த சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து என் மேசையின் முன்கால்களுக்கு நடுவே, தரைக்கு ஒரு சாண் மேலே இழுத்துக் கட்டினார். மிதித்தால் இறங்கும், விட்டால் மேலே வரும். சத்தமே கிடையாது. கால்கள் அங்கே மும்முரமாக இருக்க, தலை கணக்கைப் பார்த்தது. அந்த வாரம் பத்துக் கணக்கையும் முடித்தேன். அதற்கு முன்பு அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

வினை என் வாயாலேயே வந்தது. ஒரு சாயங்காலம் அத்தை என் காலில் கறுப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். டீச்சர் டியூப் கட்டியிருக்கிறார் என்றேன். அதற்குள் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது. மிச்சத்தைச் சொல்லாமல் ஓடிவிட்டேன்.

நான் திரும்பி வருவதற்குள் அந்த அரை வாக்கியம், காலைக் கட்டிப்போட்டு அடிக்கிற கதையாக வளர்ந்து அப்பாவிடம் போயிருந்தது. அப்பா பஞ்சு மில்லில் பொதி தூக்குகிறவர். அதிகம் பேச மாட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. நான் வாயெடுத்தபோதெல்லாம் அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். பிடி வலித்தது. தலைமையாசிரியர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, டீச்சரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"எம்பிள்ள என்ன ஆடா சார், காலக் கட்டிப் போடுததுக்கு?" என்றார் அப்பா. "இன்னையோட நிறுத்திக்கிடுதேன். தீப்பெட்டி ஆபீசுல யாரும் அவளக் கட்டிப் போடமாட்டாவ."

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. மேலிடத்துக்கு மனு போய்விடுமோ என்பது அவர் கவலை. யாரைக் கேட்டு இதெல்லாம் செய்தீர்கள் என்று டீச்சரிடம் சீறினார். டீச்சர் குனிந்து, அப்பாவின் நாற்காலிக்குக் கீழே தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன? நானும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

வகுப்புக்குப் போனோம். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைமையாசிரியர் கத்தரிக்கோலோடு என் மேசைக்குக் கீழே குனிந்தார்.

"வெட்டாதீங்க சார்."

சொன்னது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஒன் கால அதுல கட்டலியா?"

"இல்லப்பா. அது நான் மிதிக்கதுக்கு. அத மிதிச்சா எனக்குக் கணக்கு வருது."

பெஞ்சில் உட்கார்ந்து காட்டினேன். பயத்தில் முதல் தடவை கால் வழுக்கியது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, டியூப் இறங்கி ஏறுவதை வெகுநேரம் பார்த்தார். டீச்சர் என் கணக்கு நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பு மையில் போட்டிருந்த 'சரி' குறிகளை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளை படிக்கட்டும் என்றார். தலைமையாசிரியர் கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வழியனுப்ப வகுப்பு வாசல்வரை வந்த டீச்சர், எத்தனாவது வரை படித்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார்.

"ரெண்டாவதுகூட முடிக்கல. ஒரு எடத்துல இருக்க மாட்டேம்னு தூணோட சேத்துக் கட்டிப் போட்டாவ. அன்னைக்கு ஓடுனவன்தான்."

"தெரியுது அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. அப்பா அதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத கதை அது. இவருக்கு எப்படித் தெரியும்? தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அப்பாவின் வலது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததை நானும்தான் பார்த்தேன். அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.