எங்கள் கூரைத் தண்ணீர் போன இடம்

வண்டன்மேட்டில் எங்கள் ஏலச்செடிகளுக்கு அழுகல் நோய்க்கு மருந்தாக நீலத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டு, மருந்து கலக்கிய டிரம்மைக் கழுவிய தண்ணீரை முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழும் குழியில் ஊற்றினேன். அது ரோட்டோரச் சாக்கடைக்குப் போகிறது என்றே நம்பியிருந்தேன்.

சற்று நேரத்தில் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். அவர்களுடைய குடிதண்ணீர்த் தொட்டி நீலமாகக் கிடந்தது.

"நீங்க அடிச்ச மருந்தா இருக்கும்க்கா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

தொட்டிக்கு மேலே எங்கள் முற்றத்து மேட்டிலிருந்து நீட்டியிருந்த குழாயை அக்கா காட்டினார். நீலம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க கூரைத் தண்ணியத்தான மழைக்காலம் பூரா பிடிச்சுக் குடிக்கிறோம். ஒனக்குத் தெரியாதா லீலா?"

நல்லவேளை, யாரும் குடிக்கவில்லை. தொட்டியை நானே தேய்த்துக் கழுவினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது டிரம்மைத் தோட்டத்திலேயே கழுவுகிறேன். மழைக்கு முன் கூரையைக் கூட்டிவிட்டு, "பிடிச்சுக்கோங்கக்கா" என்று குரல் கொடுக்கிறேன். அக்காவும் "சரிம்மா" என்கிறார். தொட்டியின் மூடியை மட்டும் திறப்பதில்லை.