கடைசி வரியில் நல்லம்மாள்

பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடியின் வேரில் ஈரச் செம்மண் வாசமும் பச்சைக்காயின் பால் வாசமும் கலந்து வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லுக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்தில் காய் பறிப்பு தொடங்கிய முதல் நாள் காலையில் அந்த வாசம் தோட்டமெங்கும் நிறைந்திருந்தபோதுதான், வண்டித்தடத்திலிருந்து ஒரு செவலை நாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தது. கட்டுத்தறியில் நின்ற கன்றுக்குட்டியின் மூக்கைக் கடித்தது. விரட்ட வந்த நல்லம்மாளின் கெண்டைக்காலையும் கவ்விவிட்டு, யார்மேலும் கோபமில்லாததுபோல வந்த வழியே போய்விட்டது.

நல்லம்மாள் எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவள். காய் பறிப்பில் அவள் கைக்கு ஈடில்லை. புருஷன் இல்லை, என் வயதில், அதாவது பத்து வயதில், ராசாத்தி என்று ஒரு மகள். கடிவாயில் சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள் ஊசி போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

வேலைகளை வரிசைப்படுத்துவதில் என் அப்பா பேர் பெற்றவர். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தார்கூட அவரிடம் வந்து கேட்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் மறுநாள் வேலையை அவர் சொல்லச் சொல்ல நான் என் சிலேட்டில் எழுதுவேன். அன்று கிழக்குப் பாத்தி, மேல்பாத்தி, செடி உலர்த்துவது, காய் ஆய்வது என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக, "நல்லம்மா, சேலம்" என்றார். எழுதினேன்.

மறுநாள் அழித்து எழுதியபோதும் அது கடைசி வரியாகவே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. மழை இறங்கினால் காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். நல்லம்மாள் அப்பாவிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.

"பண்ணாடிங்க, சேலத்துக்கு எப்பங்க போறது?"

"காயி ஊடு வந்து சேரட்டும். அடுத்த நாளே நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் சரிங்க என்று குனிந்து செடியைப் பற்றினாள்.

ஒருநாள் நானாகவே அவள் பெயரை முதல் வரியில் எழுதினேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அப்பா கோபிக்கவில்லை. கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டு, "மேல மழை கட்டி நிக்குது சாமி. கால் ஆறிப்போச்சு, காயி அழுகிப் போயிரும்" என்றார். கால் உண்மையில் ஆறித்தான் போயிருந்தது. மறுபடி கீழே எழுதினேன்.

இருபது நாளுக்கு மேல் அப்படிப் போனது. கடைசி மூட்டையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. உலர்ந்த செடியைப் போராக அடுக்க இரண்டு நாள் ஆகும் என்று அப்பா சொன்னதற்கு மறுநாள் காலை, கன்றுக்குட்டி கம்மிய குரலில் விடாமல் கத்தியது. வாயில் நுரை ஒழுகியது. அம்மா வைத்த தண்ணீரில் மூக்கை வைத்தது. ஒரு மடக்கும் இறங்கவில்லை. பிறகு கட்டியிருந்த கம்பத்தையே முட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் அப்பா, போருக்கு வந்திருந்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நல்லம்மாளின் குடிசைக்கு நடந்தார். ஓடினார் என்றே சொல்ல வேண்டும். காலை பஸ்ஸில் இருவரும் சேலம் போனார்கள்.

ராசாத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். மழை வந்து, போர் போடாத செடியெல்லாம் நனைந்து நாறியது. அம்மா எப்போது வருவாள் என்று அவள் தினமும் கேட்டாள். நான் பதினாலிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துச் சொன்னேன். ஐந்து என்று சொன்ன நாளில், ஆஸ்பத்திரியில் நல்லம்மாள் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அதிலிருந்து மூன்றாம் நாள் அப்பா தனியாக வந்தார்.

கூரை முட்ட அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, "ஒரு நாளுதானேன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் ஒரு நாளுதானேன்னுதான் நெனச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அதன்பிறகு அவர் என்னிடம் வேலை வரிசை சொல்லவில்லை. ராசாத்தியை அவள் சித்தி எடப்பாடிக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

இன்று அந்தத் தோட்டத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நிற்கிறது. நாய்க்கடி ஊசியைக் கையிலேயே போடுகிறார்கள். அப்பாவும் போய்ப் பல வருஷம் ஆயிற்று. சென்ற ஆண்டு சங்ககிரி பஸ் நிறுத்தத்தில் ஒரு நரைத்த பெண் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெயர் சொல்லிக் கேட்டாள். ராசாத்தி.

"எங்கம்மாவுக்காவ அத்தன வேலையும் அப்படியே போட்டுட்டு ஓடுனாருங்க உங்கப்பா. எம் பேரன் பேத்திகிட்டக்கூடச் சொல்லுவனுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்ல அது போதும். நான் அவள் பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டேன்.