அப்பாவின் துப்பாக்கிக்கு அண்ணன் போட்ட பாலிஷ்

அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். போர்க்காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்றை எங்களுக்கு விட்டுப்போனார். சுட முடியாதபடி அடைத்து, அதற்கான காகிதமும் வாங்கி வைத்திருந்தார். அப்படியும் எனக்குப் பயம். துப்பாக்கி பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான பொபினியில் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கும். நகரத்துக்குள்ளே லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் போலீசைக் கண்டால் நான் இங்கே என் கைப்பையைத் தடவிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்குச் சீருடையைக் கண்டாலே நடுக்கம்.

அம்மாவுக்குப் பல் கட்ட வேண்டியிருந்தது. சோற்றைக்கூடக் குழைத்துத்தான் விழுங்கினாள். துப்பாக்கியை விற்கலாம் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டான். பழைய ஆயுதங்கள் வாங்கும் கடையில் போட்டோக்களைக் காட்டினேன். பிடிக்கு மேலே கறுப்பு தேய்ந்து சாம்பலாய்த் தெரிந்த இடத்தைக் கடைக்காரர் உற்றுப் பார்த்தார்.

"தேய்ந்தாலும் தொழிற்சாலையில் போட்ட அதே பூச்சு, மதாம், அதற்குத்தான் விலை. தயவுசெய்து யாரும் கை வைக்காதீர்கள்."

அவர் சொன்ன விலையில் அம்மாவுக்கு இரண்டு வரிசையும் கட்டலாம். அன்றே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"சரி சரி, எல்லாத்துக்கும் பதறுவ நீ" என்றான்.

ஆயுத பூசைக்கு அம்மாவோடு அவன் வீட்டுக்குப் போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் லேப்டாப், துளை போடும் மெஷின், கார் சாவி. நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு, புது ஷூ மாதிரி பளபளவென்று துப்பாக்கி.

"என்னண்ணே இது?"

"பட்டறையில குடுத்து துருவெல்லாம் தேச்சு, புதுசா கறுப்பு ஏத்தி வாங்கியாந்தேன். அப்பா துப்பாக்கி அழுக்காவா பூசையில உக்காரும்?"

"தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"காரைக் கழுவாமலா விக்கிறாங்க? போடி!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடித்த வடையைத் தட்டிலேயே போட்டேன். அது துரு இல்லை. அப்பாவின் உள்ளங்கை வருஷக்கணக்காய்த் தேய்த்த இடம். அதைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்த்திருக்கிறான்!

மறுவாரம் அவனையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்புகள் மழுங்கியிருந்தன, படை முத்திரை பாதிக்கு மேல் அழிந்திருந்தது. சேகரிப்பவர்கள் யாரும் இனி இதைத் தொட மாட்டார்கள், அலங்காரத்துக்கு வேண்டுமானால் வைக்கலாம் என்றார். அவர் சொன்ன புது விலைக்கு ஒரு பல்கூடக் கட்ட முடியாது.

அண்ணன் கேட்டானே ஒரு கேள்வி: "மறுபடியும் பழசு மாதிரி ஆக்க முடியாதா?"

"அதற்குப் பெயர் மோசடி, மிஸ்யே."

வெளியே ஃபொபூர் சேன்-தெனி தெருவில், காய்கறிக் கடை வாசலில் நின்று கத்திவிட்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

"இரும்புதானே, விடேன்" என்றான்.

"இரும்பை நீயே வச்சுக்க. வருஷா வருஷம் பூசை போடு. அம்மா பல்லுக்கு நீதான் குடுக்கணும்."

"நானா?"

"நீயேதான்! நீதானே தேச்ச?"

முணுமுணுத்துக்கொண்டே பல் டாக்டரிடம் நாள் வாங்கினான். அன்றைக்கு நானும் கூடவே போனேன். அவனை நம்பி அம்மாவைத் தனியாக அனுப்ப இனி எனக்குத் தைரியமில்லை.