இருபது லட்சம் பேர் பார்க்காத மீதி

ரெஜினா மேரி இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் பழைய கேமராமேன் பாண்டிதான் போன் செய்தான். "அண்ணே, ரெஜினா மேடம் போயிட்டாங்கண்ணே. காலையில ஜெபம் பண்ணிட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றான். ஏறவிருந்த பஸ்ஸை விட்டுவிட்டு வில்லாபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சேனலின் மேலாளர் எனக்கு முன்பே வந்திருந்தார். என்னை ஓரமாக அழைத்துப்போய்த் தன் போனை நீட்டினார். ரெஜினாவின் படத்தோடும் சோகமான இசையோடும் ஓர் அஞ்சலி வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. "போட்டு ஒரு மணி நேரங்கூட ஆகல. எம்புட்டு பேர் பார்த்திருக்காங்க பாரு" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கண் கலங்கித்தான் இருந்தார். ஆனால் கடைசி வருடங்களை அந்த எண்ணிக்கையோடு சண்டை போட்டே கழித்தவரின் வாசலில் நின்று அதைத்தான் எனக்குக் காட்டினார். போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அன்றைய எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இதை அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ரெஜினாவுடன் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மதுரையில் ஓடும் எங்கள் சிறிய சேனலில் ரெஜினா நிகழ்ச்சித் தயாரிப்பாளர், நான் எடிட்டர். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் நடத்தியது 'எதிரெதிரே' என்ற அரைமணி நேர நேரலை. புகார் சொல்பவரையும் அதற்குப் பொறுப்பான அதிகாரியையும் ஒரே மேசையில் உட்காரவைப்பார். பாட்டு கிடையாது, பின்னணி இசை கிடையாது. பேச்சு முடியும்வரை யாரும் எழக்கூடாது என்பது மட்டும்தான் விதி. ஒருமுறை சாக்கடைப் பிரச்சினைக்கு வந்த அதிகாரி, அவசர வேலை இருக்கிறது என்று மைக்கைக் கழற்றத் தொடங்கினார். ரெஜினா குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்க சார். இவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப இவங்களும் எந்திரிச்சுப் போகல" என்றார். அதிகாரி உட்கார்ந்தார். மறுவாரம் அந்தத் தெருவில் குழாய் பதித்தார்கள்.

நிகழ்ச்சிக்கு ரேட்டிங் ஒருபோதும் நன்றாக இருந்ததில்லை. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் டிவியோடு ஒரு பெட்டியை இணைத்து, எந்தச் சேனல் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பதிந்து, அதிலிருந்து ஊர் முழுவதற்கும் கணக்குப் போடுவதுதான் ரேட்டிங். ரெஜினாவுக்கு அதன்மீதும் கோபம் உண்டு. "நம்மளப் பார்க்குறவங்க கொட்டாம்பட்டி பக்கம் இருக்காங்க. பெட்டி டவுனுக்குள்ள இருக்கு. பிறகு எப்படி நம்ம நம்பர் ஏறும்?" என்பார். அதே ரெஜினா பிற்பாடு ரேட்டிங்குக்காக வாதாட வேண்டிவந்தது. காரணம், பாக்கியம் அம்மா.

பாக்கியம் அம்மாவின் ஊர் கொட்டாம்பட்டிக்கு அருகே திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியது. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் மறுபக்கம். நடுவில் நாலுவழிச் சாலை; கடப்பதற்கு வழி எதுவும் கிடையாது. அந்தச் சாலையைக் கடக்கும்போதுதான் அவர் கணவர் லாரியில் அடிபட்டு இறந்தார். கடக்க ஒரு வழியும் ஒரு விளக்கும் வேண்டும் என்று கேட்க அவர் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தார். நிதானமாகத்தான் பேசினார். எதிரே இருந்த நெடுஞ்சாலைத் துறை அதிகாரி 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்றாம் தடவையாகச் சொன்னபோது பாக்கியம் அம்மா பொறுமை இழந்தார். அதிகாரியின் முன்னால் இருந்த கோப்பைப் பிடுங்கித் தரையில் எறிந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். ரெஜினா குனிந்து காகிதங்களைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டு, "பேசுங்கம்மா, நேரம் இருக்கு" என்றார். அதன் பிறகுதான் பேச்சு உண்மையாக நடந்தது. முடிவில் அந்த அதிகாரி, "நான் நேர்ல வாரேன்மா. இடத்தைப் பார்த்துட்டு எழுதுறேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் எங்கள் டிஜிட்டல் பிரிவு, கோப்பு பறந்த அந்தச் சில நொடிகளை மட்டும் வெட்டிப் போட்டது. 'அதிகாரியை அலறவிட்ட கொட்டாம்பட்டி சிங்கப்பெண்' என்று தலைப்பு. வார முடிவில் இருபது லட்சம் வியூஸ். மேலாளர் எல்லோருக்கும் அல்வா வாங்கித் தந்தார். அன்றைய கூட்டத்தை என்னால் மறக்க முடியாது.

"டிவியில நமக்கு ரேட்டிங்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. இங்க இருபது லட்சம் பேர் பார்த்திருக்காங்க. இனிமே இதுதான் நம்ம பாதை" என்றார் மேலாளர்.

"இருபது லட்சம் பேர் இல்ல சார், இருபது லட்சம் தடவை" என்றார் ரெஜினா. "ஒருத்தர் பத்துத் தடவை பார்த்தா பத்து. விரல் தள்ளுறப்ப ரெண்டு நொடி நின்னாலும் ஒண்ணு. ரேட்டிங் எத்தனை நிமிஷம் உக்காந்து பார்த்தாங்கன்னு எண்ணுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது பெருசுன்னு கேட்டா எப்படி?"

"ஸ்பான்சருக்கு அதெல்லாம் புரியாது ரெஜினா."

"புரியாதுன்னு தெரிஞ்சுதான சார் நீங்க அதைக் காட்டுறீங்க."

அதற்குப் பிறகு யாரும் அல்வாவைத் தொடவில்லை. ஆனால் விளம்பரதாரருக்குக் காட்டும் அறிக்கையில் அந்த இருபது லட்சம்தான் முதல் வரியாகப் போனது.

அந்த அதிகாரி இடத்தைப் பார்க்க வரவேயில்லை. ரெஜினா மன்னிப்புக் கேட்க அவருடைய அலுவலகத்துக்கே போனார். நானும் பாண்டியும் கூடப் போனோம். அந்த அதிகாரி கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். "மேடம், என் பொண்ணோட காலேஜ்ல அந்த வீடியோவ அவ முன்னாடியே போட்டுச் சிரிச்சிருக்காங்க. நான் வாரேன்னு சொன்னேன்ல, அதை எத்தனை பேர் பார்த்தாங்க?" என்று கேட்டார். ரெஜினா மறுபடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தார். சில வாரங்களில் அந்த அதிகாரி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு எந்த அதிகாரியும் எங்கள் மேசைக்கு வரச் சம்மதிக்கவில்லை. யாரைக் கூப்பிட்டாலும், "வெட்டிப் போட்டுருவீங்க மேடம்" என்பதே பதில். ஆளில்லாமல் 'எதிரெதிரே' நின்றுபோனது.

அன்று அந்த அலுவலகத்திலிருந்து நேராகக் கொட்டாம்பட்டிக்குப் போனோம். பாக்கியம் அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "என்னய ஊரு உலகமே பார்த்துச்சுன்னு சொல்றாக. காருல போற பயலுக நிப்பாட்டி என் கூட போட்டோ எடுத்துக்கிறாக. அவுக வண்டிய நிப்பாட்டுற நேரத்துலதான் எங்க பிள்ளைக ரோட்டத் தாண்டுதுக" என்றார். பாண்டி சிரித்துவிட்டான். ரெஜினா சிரிக்கவில்லை.

பிறகு ரெஜினாவையே டிஜிட்டல் பிரிவில் போட்டார்கள். வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை; பழைய நிகழ்ச்சிகளை வெட்டாமல் முழுதாகப் பதிவேற்றத் தொடங்கினார். நானூறு பேர்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை இருந்தார்கள். அதை மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "நானூறு பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் அவர். "ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வச்சுப் பாருங்க சார், தெரியும்" என்றார் ரெஜினா.

எனக்கும் அவருக்கும் இதில் முழு ஒப்புதல் இருந்ததில்லை. "டவுனுக்குள்ள நாலு பெட்டிய வச்சுச் சொல்றது மட்டும் நெசமா? ரெண்டும் விளம்பரக்காரனுக்காக எண்ணுறதுதான" என்று நான் கேட்பேன். "ரேட்டிங் நெசம்னு நான் எப்பச் சொன்னேன்? அதுக்கு நம்ம ஆளுகளத் தெரியாது, இந்த வியூஸுக்கு ஆளே தேவையில்ல. அம்புட்டுதான் வித்தியாசம்" என்பார். அந்த வாக்குவாதத்தை நாங்கள் கடைசிவரை முடிக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன்பு, புதிய அதிகாரி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, பாக்கியம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அந்த முழு நிகழ்ச்சியின் பதிவையும் எடுத்துக்கொண்டு ரெஜினா அவர் அலுவலகத்துக்குப் போனார். பழைய அதிகாரி நேரில் வருவதாக ஒப்புக்கொண்ட பகுதியைப் போட்டுக்காட்டுவதுதான் திட்டம். புதியவர் பாக்கியம் அம்மாவைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து, "அந்த வீடியோல வந்தது நீங்கதான?" என்று பக்கத்து அறை ஊழியர்களையெல்லாம் கூப்பிட்டாராம். அவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். "சார், மீதி இருக்கு, அதைப் பாருங்க" என்று ரெஜினா சொல்ல, "வச்சிட்டுப் போங்க மேடம், நேரம் கிடைக்கிறப்ப பார்க்கிறேன். இது எத்தனை வியூஸ்?" என்று கேட்டாராம். இதையெல்லாம் ரெஜினா என்னிடம் சொன்னார். "இனி யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்த பிறகு பாக்கியம் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "நான் பேசி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காம இருந்தது இந்தம்மா ஒருத்திதான்" என்றார். சாலை பற்றிக் கேட்டேன். போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளைக்குக் கால் போய்விட்டது என்றார். விளக்கு இன்னும் வரவில்லை.

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அமைதியோ ஆறுதலோ அல்ல, அவருடைய கோபம்தான். அவருக்கு அது வேலை செய்ய உதவியது, எனக்கு உதவுமா என்று தெரியாது. வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பாக்கியம் அம்மாவோடு நான் போகிறேன். கூட்டம் அதிகமாக இருக்கும், வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். உட்காருவோம்.