அக்காவுடன் நிர்வாண விடுமுறை முகாமில் ஒரு நாள்

2006 கோடையில் நானும் அக்காவும் கனடாவின் மொன்றியல் நகருக்கு வடக்கே இருக்கும் ஒரு நிர்வாண விடுமுறை முகாமுக்குப் போய் வந்தோம். அப்படி ஓரிடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும் தமிழ்ப் பெண்கள் யாராவது இருந்தால் (சிரிக்காதீர்கள், இருப்பீர்கள்) உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட வரச் சொல்லிக் கேட்டது அக்காதான். முந்தைய பனிக்காலத்தில் புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள். அத்தான் நல்லவர். சமைத்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார். ஆனால் அவள் உடை மாற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று வைத்தியர் சொன்ன கிழமைதான், கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி அக்காவிடம் இந்த முகாமைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

"ஆரும் முகம் திருப்பாத இடத்திலை ஒருக்கால் நிக்கவேணும் போல கிடக்கு. நீ வாறியோ?"

"ஓம், வாறன்" என்றேன். வேறென்ன சொல்வது?

நகருக்குள் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். பஸ் கிடையாது. ஒரு நாளுக்கு ஆளுக்கு இருபத்தைந்து டொலர். வாசலில் இருந்த பெண் சட்டை போட்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பிரெஞ்சில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டு விதிகளை ஆங்கிலத்தில் விளக்கினாள். படம் எடுக்கக்கூடாது. எங்கே உட்கார்ந்தாலும் சொந்தத் துவாயை விரித்து அதன்மேல்தான் உட்காரவேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் எதையாவது சுற்றிக்கொள்ளலாம். முதல்முறை வருபவர்களை யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். ஆனால் நீச்சல்குளத்தில் உடுப்போடு இறங்க முடியாது.

உள்ளே பெரும்பாலும் வயதானவர்கள். பேப்பர் வாசித்தார்கள், பந்து உருட்டி விளையாடினார்கள். பத்து நிமிடத்தில், அங்கே பார்க்க எதுவுமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

அக்கா குளக்கரையில் வெகுநேரம் நின்றாள். பிறகு கவுனின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தண்ணீரில் நின்ற ஒரு வயதான பெண் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஏணிப் பக்கம் இருந்து விலகி வழிவிட்டாள். அவ்வளவுதான். அக்கா தண்ணீரில் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இறங்கடி. நான் தனியவோ நிக்கிறது?"

நானும் கழற்றிவிட்டு இறங்கினேன். அக்கா என் கையைப் பிடித்துத் தன் தழும்பின்மேல் வைத்தாள்.

"பயப்பிடாதை, நோகாது."

விரல்களுக்குக் கீழே அவள் நெஞ்சு துடித்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன்.

திரும்பி வரும்போது, நகருக்குள் நுழையும் பாலத்தைக் கடந்தோம். அப்போது அக்கா, "அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்" என்றாள்.

போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு துவாய் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நனைந்துவிடும். நுளம்பு கடிக்காமல் பூசும் மருந்தும் வேண்டும். வார நாளில் போனால் கூட்டம் குறைவு. தழும்பைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

அடுத்த கோடையை அக்கா காணவில்லை. இறுதிச் சடங்கு மண்டபத்தில் உடுத்திவிட வந்த பெண், சேலை ஒழுங்காக நிற்க இடப்பக்கம் பஞ்சு வைக்கவா என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அத்தான் எழுந்தார்.

"ஒண்டும் வைக்க வேண்டாம். நீங்கள் எல்லாரும் வெளியிலை நில்லுங்கோ. நான் உடுத்திவிடுறன்."

கதவு திறக்க நெடுநேரம் ஆனது.