தோ பாயோவில் ஒரு வர்ணத் தேர்தல்

சிங்கப்பூர் போய் வந்தவர்கள் தண்ணீர் துப்பும் சிங்கத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். என் கைப்பேசியில் இருப்பதோ குப்பைக் குழாய், மழைநீர்க் கால்வாய், லிப்ட் வாசலில் ஒட்டிய நோட்டீஸ். எங்கள் ஊர் நகராட்சியில் ஒன்பதாவது வார்டு உறுப்பினர் நான், புத்தி அப்படித்தான் போகும். பொங்கல் முடிந்த கையோடு பதினைந்து நாள் போய் வந்தேன். முழுக்கச் சொந்தச் செலவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மன்றத்தில் எதற்கெடுத்தாலும் என்னோடு மோதும் பதினொன்றாவது வார்டுக்காரரும் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்.

போனதற்குக் காரணம் என் அக்கா வசந்தா. கல்யாணமாகிப் போனவள் அங்கேயே குடியுரிமை வாங்கி, தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அத்தானோடு இருக்கிறாள். ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று இரண்டு மாதமாகப் போனில் நச்சரித்தாள். எதற்கும் யாரையும் கூப்பிடாத ஆள் அவள். அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

திருச்சியிலிருந்து விமானம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து தோ பாயோ ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். டாக்சி என்றால் இருபத்தைந்து, முப்பது வெள்ளி. டாலரை நம் ஆட்கள் அங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ரயிலில் இரண்டு வெள்ளி சொச்சம், ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ரயில் ஏறினேன். பாதித் தூரம் அது சுரங்கத்துக்குள் ஓடியது.

அக்காவின் புளோக்கை, அதாவது அவள் இருக்கும் கட்டடத்தை, அவள் போனில் சொன்ன அடையாளத்தை வைத்து எட்டத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன். அங்கே நான்கு புளோக்குகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே சன்னல், ஒரே மாதிரி வெளியே நீட்டிய மூங்கில் கழிகளில் துணி. வர்ணம் மட்டும் வேறு வேறு. ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். அக்காவுடையது நல்ல பளிச்சென்ற ஆரஞ்சு.

லிப்ட் வாசலில் நகர மன்றத்தின் நோட்டீஸ் நான்கு மொழியில் ஒட்டியிருந்தது. தமிழில் ஒரு பிழை இல்லை. எங்கள் நகராட்சி நோட்டீஸில் நானே சிவப்புப் பேனாவோடு உட்கார வேண்டியிருக்கும்போது, கடல் தாண்டி ஒருவர் இவ்வளவு அக்கறையாக நம் மொழியை எழுதியிருக்கிறார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. நகர மன்றம் என்றால் பெரிய அதிகாரம் ஒன்றுமில்லை. லிப்ட் ஓட வேண்டும், நடைபாதை கூட்டப்பட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கால்வாயில் தண்ணீர் நிற்கக் கூடாது. தரைத் தளத்தில் சுவரில்லாமல் தூண்களோடு விட்டிருக்கும் திறந்த இடத்தைக் கல்யாணத்துக்கோ இழவுக்கோ யாருக்கு எப்போது கொடுப்பது என்று பார்க்க வேண்டும். எங்கள் மன்றத்தின் வேலையும் இதேதான், கூடவே தண்ணீர் லாரிச் சண்டை.

நான் படித்த நோட்டீஸ் வர்ணத்தைப் பற்றியது. நான்கு புளோக்குக்கும் புதிதாக வர்ணம் பூசப் போகிறார்கள். ஏ, பி, சி என்று மூன்று திட்டம், பெரிய படங்களாகத் தரைத் தளத்தில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு வாக்கு, ஞாயிற்றுக்கிழமை கடைசி. சுவருக்கு என்ன வர்ணம் என்று குடியிருப்பவர்களைக் கேட்கிறார்கள் என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. எனக்குத்தான் வாக்கு இல்லையே.

இனி அத்தான். பெயர் குணசேகரன். துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்கி அடுக்குகிற வேலை. தினமும் காலை ஏழு மணிக்குத் தனியாகக் கிளம்பி, நடந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் உணவங்காடிக்குப் போய், பால் இல்லாத கோப்பி ஒன்று குடித்துவிட்டு, அக்காவுக்கு ஒன்றைப் பையில் கட்டி விரலில் தொங்கவிட்டபடி வருவார். மறுநாள் நானும் கூடப் போனேன். திரும்பும்போது, எல்லா புளோக்கும் ஒரே அச்சாக இருக்கிறதே, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"நம்பரெல்லாம் யாரு படிச்சுட்டு இருக்கறது? மேல கேபின்ல உக்காந்தா கலரத்தான் பாப்போம். ஆரஞ்சுன்னா நம்மது லா."

அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' போட்டு எவ்வளவு மிடுக்காகச் சொன்னார் தெரியுமா. அந்த மிடுக்குக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை அக்காவும் நானும் தேக்காவுக்குப் போனோம். லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் இருப்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தோ பாயோவிலிருந்து ரயிலில் நியூட்டன் போய் மாறினால் அடுத்த நிலையம், ஏறி இறங்க இருபது நிமிடம். சந்தையில் முருங்கைக்கீரை, கடைத்தெருவில் மல்லிகைச் சரம், எல்லாக் கடையிலும் தமிழ். போகிறவர்கள் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்து விடுதிகளிலிருந்து, வேலைக்குப் போன நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். அது அவர்களுடைய நாள், நாம் குறுக்கே நிற்க வேண்டாம்.

சிராங்கூன் சாலையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்ததும் அக்கா அழுதுவிட்டாள். அத்தானுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்துவிட்டதாம். பழையது எல்லாம் இருக்கிறது, புதிது தங்குவதில்லை. நடக்க முடிகிற வரை தனியாக நடக்க விடுங்கள், பழகிய பாதையை மட்டும் மாற்றாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலை நடை ஒன்றுதான் அவர் யார் துணையும் இல்லாமல் செய்கிற காரியம். அது போய்விட்டால் மனிதர் ஒடிந்துவிடுவார். இப்போது அந்த ஆரஞ்சைச் சுரண்டிவிட்டு வேறு பூசப் போகிறார்கள்.

"பெயிண்ட் மாறிட்டா வீட்டுக்கு எப்படி வருவாருன்னு தெரியல செல்வி. யாருகிட்டயும் சொல்லாத. அவரப் பாத்து யாரும் பாவப்படக் கூடாது."

என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நிமிடம் வார்டு உறுப்பினர் விழித்துக்கொண்டாள். வாக்குதானே, அது என் தொழில் ஆயிற்றே. மூன்று படங்களையும் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். ஏ சாம்பலும் நீலமும். பி சந்தன நிறமும் பச்சையும். சி வெள்ளைச் சுவரில் பட்டை பட்டையாக ஆரஞ்சு. சி-யை ஜெயிக்க வைப்பது என்று சோற்றுக் கையோடு முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கினோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ரோஹானா தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். நான் சொல்ல, அக்கா ஆங்கிலத்திலும் அவர் மலாயிலும் சொன்னார்கள். காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதால் வாய்க்கு வந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். ஆரஞ்சு மங்கலம், ஆரஞ்சு அழுக்கு தாங்கும், ஆரஞ்சு வெயிலுக்குக் குளிர்ச்சி. சீனத் தாத்தா ஒருவரிடம் ஆரஞ்சுப் பழம் உங்கள் புத்தாண்டுக்கு ராசியாயிற்றே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாக்குப் போட்டார். சாயங்காலத்துக்குள் நான்கு புளோக்கும் எங்கள் பக்கம். என் சொந்தத் தேர்தலில்கூட இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லை.

சனிக்கிழமை காலை, கோப்பிப் பையோடு வந்த அத்தானைத் தரைத் தளத்தில் பிடித்து சி படத்தின் முன்னால் நிறுத்தினேன். பாருங்கள், ஆரஞ்சு போகப் போவதில்லை என்று பெருமையாகக் காட்டினேன். அவர் படத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல நம்ம புளோக் எது?"

படத்தில் நான்கு புளோக்கும் ஒரே வெள்ளை, ஒரே ஆரஞ்சுப் பட்டை. அந்த மனிதருக்கு ஒரு வீட்டை நான்கு வீடாக்கி வைத்திருந்தேன், அதுவும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி. அவர் படத்தை விட்டு நகரவே இல்லை. அக்கா வந்து மெல்ல அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள்.

அன்று சாயங்காலம் நகர மன்ற அதிகாரி வந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதாக இருந்தது. நித்யா என்று நம் பெண்தான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது ஐம்பது பேர். ஒருவர் வர்ணம் உரியுமா என்றார், ஒருவர் சாரம் கட்டும்போது துணி எங்கே காயப்போடுவது என்றார். எங்கள் மன்றக் கூட்டமாக இருந்தால் இதற்குள் இரண்டு நாற்காலி பறந்திருக்கும். நான் அக்காவின் காதில், கூட்டம் முடிந்ததும் அதிகாரியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து நின்றாள்.

"என் ஹஸ்பண்டுக்கு ஞாபகம் குறைஞ்சுட்டு வருது. கலரப் பாத்துத்தான் வீட்டுக்கு வர்றாரு. நாலு புளோக்கும் ஒரே மாதிரி ஆயிட்டா அவருக்கு வழி தெரியாது. அவருக்கு மட்டும் கேக்கல. நாளைக்கு நமக்கும் வயசாகும்."

தமிழில் சொன்னாள், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டு விஷயத்தை வாசல் தாண்ட விடாதவள், ஐம்பது பேர் நடுவில் நின்று பேசினாள். என் மன்றத்தில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். அதைப்போல ஒன்று கேட்டதில்லை. என் அக்கா என்று உரக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது.

முதலில் கை தூக்கியவர் ரோஹானா. என்னையும் கூட்டிக்கொண்டு வாக்குக் கேட்டீர்கள், காரணத்தை மட்டும் சொல்லவில்லையே என்று அக்காவைச் செல்லமாகக் கடிந்துகொண்டு, இதை நானும் ஆதரிக்கிறேன் என்றார். அடுத்து அந்தச் சீனத் தாத்தா. அவர் மனைவிக்கும் அதே நிலைமையாம். அப்புறம் யார் யாரோ.

நித்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, வோட்டிங்ல எது ஜெயிக்குதோ அத நான் மாத்த முடியாது. ஆனா ஒவ்வொரு புளோக்குக்கும் கீழ ஒரு பெரிய படம் வரையலாம், வேற இடத்துல செஞ்சிருக்காங்க. நகர மன்ற மீட்டிங்குக்கு நான் கொண்டுபோறேன். ப்ராமிஸ் பண்ண முடியாது, ட்ரை பண்றேன்."

முடியாததை முடியும் என்று சொல்லி அனுப்பாத அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊருக்கு வந்துவிடேன் என்றேன். சிரித்தாள். வாக்கு எண்ணியபோது சி-தான் ஜெயித்தது, அந்தப் பழி முழுக்க என்னுடையது. நான் ஊர் திரும்பிய பிறகு படத்துக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாக அக்கா போன் செய்தாள். பச்சை இருந்த புளோக்குக்கு டுரியான் பழம், நீலத்துக்கு மீன், மஞ்சளுக்கு அன்னாசி. அக்காவின் புளோக்கில் என்ன வரையலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து அத்தானையே கேட்டிருக்கிறார்கள். கண்டெய்னர் என்றாராம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விசாவுக்கு முன்கூட்டியே கொடுங்கள். வருகை அட்டையை இணையத்தில் அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை, கேட்கிறவனிடம் ஏமாறாதீர்கள். குடை எடுத்துப் போங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் ஒரு நாளாவது எங்கும் சுற்றாமல் அவர்கள் புளோக்கின் கீழே உட்கார்ந்து பாருங்கள், ஓர் ஊர் எப்படி நடக்கிறது என்று தெரியும். என்னைப்போல உறுப்பினராக இருந்தால் இன்னொன்று: வாக்குக் கேட்கப் போகும்போது உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஒன்பதாவது வார்டுப் புது நகரில் எல்லாத் தெருவும் ஒரே அச்சு. தெரு முனைச் சுவர்களில் தெருவுக்கு ஒரு படம் என்று போன கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். வழிமொழிந்தவர் பதினொன்றாவது வார்டுக்காரர். வீட்டுக்கு வழி மறந்துபோகிற தன் அப்பாவுக்காக என்று மன்றத்திலேயே சொன்னார். ஒரு சத்தம் இல்லாமல் நிறைவேறியது.

போன வாரம் அக்கா ஒரு காணொளி அனுப்பினாள். லிப்ட் பக்கத்துச் சுவர் முழுக்க ஆரஞ்சு கண்டெய்னர், அதன்மேல் ஆள் உயரத்துக்கு புளோக் எண். அத்தான் விரலில் கோப்பிப் பை தொங்க, டுரியானைத் தாண்டி, மீனைத் தாண்டி, அன்னாசியைத் தாண்டித் தனியாக வருகிறார். எங்கும் நிற்கவில்லை. கண்டெய்னர் அருகில் வந்ததும் அதை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுகிறார். அப்புறம்தான் கைப்பேசியோடு நிற்கும் அக்காவைக் கவனித்து, முகத்தைச் சுளிக்கிறார்.

"எதுக்கு இதெல்லாம் படம் புடிச்சுட்டு இருக்க? என் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா லா?"